ஆறாம் பாத்தி

டெட்சா மலைச்சரிவில்
டைலேசியின் கால் ஏக்கரைக்
கயிறு பிடித்துப் பன்னிரண்டாக வெட்டியவன் நான்.
மூலைக்கு மூலை மூங்கில் முளை,
சிவப்பு நாடா,
மழை பட்டால் கரைகிற மையில் எண்கள்.

மூன்று பாத்திக்கு யூரியா மட்டும்.
மூன்றுக்கு ஆட்டெரு மட்டும்.
மூன்றுக்கு இரண்டும், பாதிப் பாதி,
மேலே போன வருடத்துத் தட்டையும் காய்ந்த புல்லும்
மூடாக்காக.
இரண்டு, ஆறு, பதினொன்று,
இவற்றுக்கு எதுவும் இல்லை.

"அவை என்ன தப்பு செய்தன?"
ஒப்பிட வேண்டுமே, அமாயி.
"எனக்கு நாலு பிள்ளை.
ஒருத்தியைப் பட்டினி போட்டா
மற்றவர்கள் வளர்ந்ததைத் தெரிந்துகொண்டேன்?"
லிலோங்வேயில் தந்த கையேட்டைப் புரட்டினேன்.
அந்தப் பக்கம் அச்சாகவில்லை.

வேலிக்கு அப்பாலிருந்து ஃபோஸ்டினோ சிரித்தார்:
கூரைக்குப் போகிற புல்லைத்
தரைக்குப் போடுகிறாளே, மண்ணுமா ஒழுகும்?
குனிந்தபடியே அவள் சொன்னாள்:
"உன் கூரை மழை உள்ளே வராமலிருக்க.
இது, வந்த மழை
வெளியே போகாமலிருக்க."

முதலில் நிமிர்ந்தது யூரியா மட்டும் தின்ற பயிர்.
கருநீலப் பச்சை. நானும் மயங்கினேன்.
யூரியா கைமாற்றாக வந்த காசு,
வாங்கிய அன்றே செலவாகும்.
எரு சீட்டுப்பணம்,
காத்திருந்தால் கைக்கு வரும்.
இரண்டும் இருக்கிற வீட்டுக்கு
ஜனவரி வந்தது தெரியாது.

வந்தது.
பத்தொன்பது நாள் மழையில்லை.
யூரியாப் பாத்தியில் இலைகள் பகலெல்லாம்
பீடி போலச் சுருண்டு கிடந்தன.
வெற்று மண்ணில் வெப்பமானியைச் செருகினேன்: முப்பத்தெட்டு.
மூடாக்கை விலக்கிச் செருகினேன்: இருபத்தொன்பது.
அங்கே ஈரம் இருந்தது. மண்புழு இருந்தது.
வாடகை தராத ஒரு தவளை
என்னை முறைத்துவிட்டு இன்னும் உள்ளே போனது.
கரையானும் இருந்தது. பதறினேன்.
"தின்னட்டும்," என்றாள்,
"தட்டை தீரும்வரை
பயிர் அதன் கண்ணில் படாது."

பிப்ரவரி, பசியின் மாதம்.
அவள் வீட்டில் ஒருவேளைதான் உலை.
ஆறாம் பாத்தியில் அளவுகோலை நட்டேன்.
போன வாரம்வரை
நுனியிலிருந்து நடு நரம்பு வழியே மஞ்சளித்த பயிர்,
குருத்தில் ஒரு புதுப் பச்சை.
குந்தினேன்.
செடிக்குச் செடி, தூரில் ஒரு சின்னக் குழி.
குழியில் உருண்டை உருண்டையாய் ஆட்டுப் புழுக்கை.
குழிக்குப் பக்கத்தில் பித்தவெடிப்புக் குதிகாலின் தடம்.
எட்டு வரிசை. ஒரு செடியும் விடுபடவில்லை.

மற்ற இரண்டையும் போய்ப் பார்த்தேன்.
மஞ்சள்தான். வெறும் மண்தான்.

ஏன் இதற்கு மட்டும் என்று கேட்டதற்கு
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு,
"அவை வீட்டுக்குப் பின்னால் இருக்கின்றன.
அடுப்படியில் உட்கார்ந்தால்
இதுதான் தெரிகிறது."

பதிவேட்டில் எழுதினேன்:
பாத்தி ஆறு, கணக்கிலிருந்து நீக்கம்.
காரணம்: ஆடுகள் நுழைந்தன.
கையொப்பம், மசாவ்கோ.
முழுப் பொய்யில்லை.
நுழைந்தது ஆட்டிலிருந்து வந்ததுதானே.

ஏப்ரலில் வில்தராசு எல்லாம் சொன்னது.
மூடாக்கின் கீழ் இரண்டும் உண்ட பயிர்
மூட்டைக்கு அடங்கவில்லை;
ஃபோஸ்டினோ ஒரு கதிரை உரித்து
வரிசை எண்ணிவிட்டு
ஒன்றும் சொல்லாமல் வைத்தார்.
பதினொன்றின் விளைச்சல்
அவள் இடுப்புத் துணியின் ஒரு மடிப்பில் முடிந்தது.
பல் விழுந்த கதிர்கள்.
அதையும் நிறுத்தேன், அதையும் எழுதினேன்.
எழுதும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆறாவதை யாரும் நிறுக்கவில்லை.
அதில் ஒன்றைச் சுட்டு என்னிடம் நீட்டினாள்.
ஓரத்தில் கருகியிருந்தது. தின்றேன்.

அடுத்த பருவத்துக்குக் கயிறோடு போனபோது
பதினோரு முளைகள் மண்ணில் நின்றன.
பன்னிரண்டாவது
அவள் வாசலில்,
சிவப்பு நாடா நைந்து,
எண் கரைந்து,
ஓர் ஆட்டைக் கட்டியபடி.